இணைப்பை வெட்டினால் போன் யாருக்கு?

நுகர்வோர் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என் கணவர் போஸ்ட்பெய்ட் இணைப்போடு சேர்த்து 24 மாத ஒப்பந்தத்தில் ஒரு போன் எடுத்தார். போன் தவணை 6,000 ரூபா, பக்கேஜ் 2,500 ரூபா, எல்லாமாக மாதம் 8,500 ரூபா ஒரே பில்லில் வரும். பத்து மாதம் பிந்தாமல் கட்டிவிட்டோம். இப்போது அவருக்கு டோஹாவில் வேலை சரிவந்திருக்கிறது. இணைப்பை நிறுத்தப் போனால், "133,000 ரூபா கட்டுங்கள், போனையும் பெட்டியோடு கொண்டுவந்து ஒப்படையுங்கள்" என்கிறார்கள். காசையும் கொடுத்துப் போனையும் கொடுப்பதா? ஒப்பந்தத் தாள்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி. இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரையாவது பொறுங்கள்.

தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பில் பகுதியில் பல வருடம் இருந்தவன் நான். ஒரே மேசையில் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றிலும் கையொப்பம் வாங்கினாலும், அங்கே நடப்பது இரண்டு கொடுக்கல் வாங்கல். இணைப்பு ஒன்று, போன் மற்றது. பில் ஒன்றாக வருவதால் நமக்கு ஒன்றுபோலத் தெரிகிறது. கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கும் அப்படித்தான். 'நிறுத்து' என்று கணினியில் அழுத்தினால் ஒரு தொகை வரும், அதை வாசித்துச் சொல்வார். போனையும் கேட்கச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. அவரோடு கோபித்துப் பயனில்லை.

நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலாவது இணைப்புக்கான விண்ணப்பம், அதை விடுங்கள். இரண்டாவதுதான் உங்களுடைய பிடி. அது போனுக்கான விலைப்பற்றுச்சீட்டு. உங்கள் கணவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், போனின் 15 இலக்க ஐஎம்இஐ (IMEI) எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண், எல்லாம் அதில் இருக்கின்றன. கீழே விலை 168,000, கழிவு 24,000, செலுத்த வேண்டியது 144,000 என்று போட்டிருக்கிறார்கள். போனில் *#06# அழுத்திப் பாருங்கள், அதே ஐஎம்இஐ எண் திரையில் வர வேண்டும். வந்தால், அந்தப் போன் அன்றைக்கே உங்கள் கணவருக்கு விற்கப்பட்டுவிட்டது. பாக்கியிருப்பது விலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்தக் காசைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. விலையை முழுதாக வாங்கிக்கொண்டு பொருளையும் திருப்பிக் கேட்க இந்தத் தாள்களில் ஓர் இடமும் இல்லை.

வாடகைக் கொள்வனவு என்றால் கதை வேறு. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கொடுத்தவருடையதாகவே இருக்கும். லீசிங்கில் ஓட்டோ எடுத்த யாரையும் கேளுங்கள், மறக்க முடியாதபடி சொல்லித் தருவார்கள். 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் வாடகைக் கொள்வனவைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் போனை அந்த முறையில் கொடுத்திருந்தால், உரிமை தங்களிடமே இருக்கும் என்று எங்காவது எழுதிக் கையொப்பம் வாங்கியிருப்பார்கள். தேடிப் பார்த்தேன், இல்லை.

மூன்றாவது தாள் நிபந்தனைகள். எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். ஏழாவது நிபந்தனை இதுதான்: காலத்துக்கு முன் நிறுத்தினால் மிகுதித் தவணைகளையும், கொடுத்த கழிவில் மிகுதி மாதங்களுக்கு உரிய பங்கையும் கட்ட வேண்டும். கணக்கைப் பார்ப்போம். மிகுதி 14 தவணை, அது 84,000. கழிவு 24 மாதத்துக்கு 24,000 என்றால் மாதம் ஆயிரம், அதில் 14,000. மொத்தம் 98,000 ரூபா.

அப்படியென்றால் 133,000 எங்கிருந்து வந்தது? மேலே ஏறியிருக்கிற 35,000 என்பது பக்கேஜின் 2,500 ரூபாவை 14ஆல் பெருக்கிய தொகை. உங்கள் கணவர் பேசப் போகாத 14 மாதத்துக்கு வாடகை! அதைக் கேட்பதற்கு அந்தத் தாளில் ஒரு நிபந்தனையும் இல்லை. ஏற்கெனவே நீங்கள் கட்டியது 85,000. இதையும் சேர்த்தால் 218,000 ரூபா. கழிவே இல்லாமல் கடையில் அந்தப் போன் 168,000. அவர்கள் சொன்னபடி செய்திருந்தால் கடைசியில் கையில் போனும் இருக்காது.

இனி வாயால் பேச வேண்டாம். 'இந்தத் தொகை எந்த நிபந்தனையின்படி வருகிறது, வகை வகையாகப் பிரித்து எழுத்தில் தாருங்கள்' என்று ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால். நான் வேலை செய்த காலத்தில் கண்டது, இப்படி ஒரு கடிதம் வந்தால் அது கவுண்டரைத் தாண்டி, ஒப்பந்தத்தை உண்மையிலேயே வாசித்த ஒருவரின் மேசைக்குப் போகும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில். 1900க்கு அழைக்கலாம். கடிதப் பிரதியையும் மூன்று தாள்களையும் சேர்த்து எழுத்தில் கொடுப்பது இன்னும் நல்லது. சிலர் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகச் சொல்வார்கள். ஆனால் பொருள் விற்பனை பற்றிய முறைப்பாட்டை, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. ஆகவே ஆணைக்குழுவின் பக்கமே போங்கள்.

சரி, இப்போது கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அந்த எண்ணை ஏன் வெட்டுகிறீர்கள்? வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தானே வருகிறது? டோஹாவில் இறங்கிய பிறகு வங்கியில் எண்ணை மாற்றுவதற்கு அவர் படப்போகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் பக்கேஜை இறக்கத் தடை எதுவும் இல்லை. ஆகக் குறைந்த பக்கேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். அது மாதம் 1,000 ரூபாவுக்குக் கீழே வந்தால், வெட்டுவதைவிட 24 மாதமும் இழுத்துக்கொண்டு போவதே இலாபம், 98,000ஐ ஒரே நாளில் தேடவும் வேண்டாம். அதற்கு மேல் என்றால் 98,000ஐக் கட்டி, எண்ணைப் பிரீபெய்டுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் எல்லாம் முடிந்த பிறகு 'மிகுதி எதுவும் இல்லை' என்று ஒரு கடிதம் வாங்குங்கள். கார்டில் தானாகக் கழிகிற ஏற்பாடு இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கேள்வி: லண்டனில் படிக்கும் மகள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போன் எடுத்தாள். இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மலிவான சிம் ஒன்றுக்கு மாற வேண்டுமாம். போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று அங்குள்ள மாமா சொல்கிறார். உண்மையா?
– தாய் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: லண்டன் மாமாமாருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் இதில் அவர் பழைய நினைவில் சொல்கிறார் போலிருக்கிறது.

அங்கே பொதுவாக இரண்டு விதம். போனும் நிமிடங்களும் ஒரே ஒப்பந்தமாக இருந்தால், முன்கூட்டியே விலகும் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போனோடு போகலாம். போனுக்குத் தனிக் கடன் ஒப்பந்தம் இருந்தால், சிம்மை மாற்றினாலும் போனின் மிகுதியைக் கட்டத்தான் வேண்டும். இரண்டிலும் போன் மகளிடமே இருக்கும். போனை வாடகைக்கு மட்டும் தருகிற திட்டங்களும் உண்டு, அவற்றில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாமா கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். இணையத்திலோ போனிலோ வாங்கி 14 நாளுக்குள் மனம் மாறினாலும் போன் திரும்பிப் போகும், ஆனால் மகளுக்கு அந்த நாள் எப்போதோ போய்விட்டது.

எவ்வளவு கட்ட வேண்டும் என்று யாரையும் கேட்டு அலையத் தேவையில்லை. மகள் தன் போனிலிருந்து ஆங்கிலத்தில் 'இன்ஃபோ' (INFO) என்று அடித்து 85075க்கு அனுப்பட்டும். ஒப்பந்தத்தில் இன்னும் இருக்கிறாளா, விலகினால் என்ன தொகை என்று பதில் வரும். இது வெறும் விசாரிப்புத்தான், எதுவும் வெட்டுப்படாது. மாறுவதென்று முடிவெடுத்தால், அதேபோல 'பாக்' (PAC) என்று அடித்து 65075க்கு. வருகிற குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் பழைய எண் கூடவே போகும். அந்தக் குறியீடு 30 நாள் செல்லும். இந்த ஏற்பாட்டை அங்குள்ள ஒழுங்குபடுத்துநரான ஒஃப்கொம் 2019 ஜூலையில் கொண்டுவந்தது. ஒரு வலையமைப்புக்கு மட்டும் பூட்டிய போன்களை விற்பதையும் 2021 டிசம்பரிலிருந்து தடுத்துவிட்டார்கள். ஆகவே அவளுடைய போன் அதற்குப் பிறகு வாங்கியது என்றால் புதிய சிம் அதில் வேலை செய்யும்.

ஒன்று மட்டும். ஏழு மாதக் கட்டணத்தையும் அந்த மலிவுச் சிம்மில் மிச்சமாகும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பொறுத்திருப்பதுதான் மலிவு.

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் கடனட்டையில், 12 மாத வட்டியில்லாத் தவணையில் போன் வாங்கினேன். நான்கு மாதம் ஆகிறது. கடையில் திருப்பிக் கொடுத்தால் மிகுதித் தவணை நின்றுவிடுமா?
– வாசகர், தெகிவளை

பதில்: நிற்காது, தம்பி. கடைக்காரருக்கு வங்கி முழுக் காசையும் கொடுத்துவிட்டது. இப்போது நீங்கள் கட்டுவது வங்கிக்கு. கடைக்காரர் போனை எடுக்க ஒத்துக்கொண்டாலும் பழைய போன் விலைக்குத்தான் எடுப்பார், தவணை உங்கள் தலையிலேயே இருக்கும். போன் உங்களுடையது, ஆகவே நீங்களே விற்கலாம். முதலில் வங்கிக்கு அழைத்து, தவணையை முன்கூட்டியே முடித்தால் கட்டணம் ஏதும் உண்டா என்று கேளுங்கள். பெட்டியும் பற்றுச்சீட்டும் இருந்தால் நல்ல விலை வரும். வாங்க வருபவர் ஆங்கிலத்தில் 'ஐஎம்இஐ' என்று அடித்து, இடைவெளி விட்டு 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு அனுப்பி, ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பார்ப்பார். அவருக்கு முன் நீங்களே ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.