ஆசை மனதைக் கலைக்கும் என்கிறார்களே, இந்து மரபின்படி அது எப்படி நடக்கிறது?

எனக்கு இது புத்தகத்தில் புரியவில்லை, வயலில் புரிந்தது. அதனால் சொந்தக் கதையோடுதான் சொல்ல வரும்.

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வயலை ஒட்டி மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், விலைக்கு வந்தது. சென்னையில் குடியேறிவிட்டவருடையது. ஒரே வாய்க்கால், நடுவில் ஒரு வரப்பு, அவ்வளவுதான். நாலு நாள் அந்த வரப்பில் போக வர அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் அந்த நிலத்துக்கு மனசுக்குள்ளேயே நடவு போட்டுவிட்டேன்.

அது சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம். முளைகட்டிய விதையைத் தெளித்தால் மறுநாள் நாற்றங்காலில் தண்ணீரை வடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. நானோ செல்போனில் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விதை அழுகிப் போய்விட்டது.

அண்ணன் நாற்றங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இப்ப கடன் வேணாம்டா, அடுத்த வருசம் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! வாழ்நாள் முழுக்க "நீங்க" என்று கூப்பிட்டவரை அன்றைக்கு "நீ" என்றேன். "உனக்கு எதுலயும் துணிச்சல் கிடையாது." அண்ணி திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா போன பிறகு படிப்பை நிறுத்திவிட்டு ஏர் பிடித்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அந்த அண்ணன். அந்த நிமிஷத்தில் எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

கீதை இரண்டாம் அத்தியாயத்தில் 62, 63ஆம் சுலோகங்கள் இந்த வரிசையைத்தான் சொல்கின்றன. ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் அதில் பற்று வரும். பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம். மயக்கத்தில் நினைவு தவறும், நினைவு தவறினால் புத்தி போகும், புத்தி போனால் ஆளே காலி. எல்லோரும் கோபத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அடுத்து வரும் அந்த நினைவு தவறுதல்தான் உயிர்நாடி. எதிரே நிற்பவர் நமக்கு யார் என்பதே மறந்துபோகிறது.

நமக்கே ஏன் உறைப்பதில்லை? மூன்றாம் அத்தியாயத்தில் பதில் இருக்கிறது. ஆசை குடியிருக்கும் இடங்கள் புலன், மனம், புத்தி என்கிறது. புத்தியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் யார் தடுப்பது? என் வாதம் எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. நிலம் விலை ஏறும், பிள்ளைகளுக்கு ஆகும், பக்கத்து வயலில் வேறு ஆள் வந்தால் தண்ணீர்த் தகராறு வரும். ஆசை என் புத்தியையே வக்கீலாக வைத்துக்கொண்டது.

மன்மதன் என்ற பெயருக்கு மனதைக் கடைபவன் என்று பொருள் சொல்வார்கள். மாணிக்கவாசகரும் திருவாசகத்தில், நீத்தல் விண்ணப்பம் என்ற பகுதியில், மத்துக்கு அகப்பட்ட தயிர் மாதிரி புலன்களால் கலங்குகிறேன் என்கிறார். எங்கள் வீட்டில் இன்னும் மத்து இருப்பதால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. கடையும்போது தயிர் ஓர் இடத்தில் நிற்காது.

அந்த மன்மதனைச் சிவன் எரித்த இடம் என்று சொல்லும் திருக்குறுக்கை எங்கள் பக்கம்தான், சிவனின் வீரச் செயல்கள் நடந்ததாகச் சொல்லும் எட்டுத் தலங்களான அட்டவீரட்டானங்களில் ஒன்று. தவத்தில் இருந்தவர் மேல் மலர்க்கணை விட்டான், நெற்றிக்கண் திறந்தது, சாம்பலானான். ரதி அழுது கேட்டபோது உயிர் கிடைத்தது, ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அதனால் அனங்கன், உடம்பில்லாதவன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்களில் மாசியில் காமன் பண்டிகை நடக்கும். கரும்பு நட்டு வைக்கோல் சுற்றிக் கொளுத்துவார்கள். மராட்டியர் காலத்தில் வந்த லாவணிப் பாட்டில் இரண்டு கட்சி: மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி, எரியவில்லை என்பது எரியாத கட்சி. விடிய விடிய வாதம் நடக்கும். சின்ன வயதில் அது வெறும் வேடிக்கை. இப்போது யோசித்தால் நம்மூர்க்காரர்கள் பெரிய கேள்வியைத்தான் டேப் என்ற தோல் வாத்தியம் அடித்துப் பாடியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்து மதம் ஆசையே கூடாது என்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியானால் அறம், பொருள், வீடு இவற்றோடு இன்பத்தையும் ஏன் வைத்தார்கள்? தர்மத்துக்கு மாறில்லாத ஆசையாக நானே இருக்கிறேன் என்று கிருஷ்ணனே ஏழாம் அத்தியாயத்தில் சொல்கிறான். "ஈசனோடு ஆயினும் ஆசை அறுமின்கள்" என்று ஒரேயடியாகச் சொன்னவர் திருமூலர். திருவாவடுதுறையில் யோகத்தில் உட்கார்ந்தவர் சொல்லலாம். நாற்றங்கால் வைத்திருக்கிறவனுக்குக் கீதையின் கணக்கே போதும் என்பது என் கட்சி.

அந்த மூன்று மாவை வேறொருவர் கிரயம் பண்ணிவிட்டார். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி போடா, மறு விதை வாங்கிட்டு வா" என்றார். போன வாரம் இரண்டு பேரும் வரப்பில் போனபோது என் கண் தன்னால் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பின்னால் வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னடா, நீ எரிஞ்ச கட்சியா, எரியாத கட்சியா?"