சுவிட்ச் சுவரிலேயே இருக்கட்டும்

கேள்வி: கரூரில் வீடு கட்டுகிறோம். எலெக்ட்ரீஷியன் சுவர் வெட்டிப் பைப் பதித்துக்கொண்டிருக்கிறார், பத்து நாளில் பூச்சு. பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகன் விளக்கு, ஃபேன், திரைச்சீலை, வாசல் பூட்டு எல்லாமே போனில் இயங்க வேண்டும் என்று மூன்று லட்சத்துக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டான். என் கணவர் எதுவுமே வேண்டாம் என்கிறார். வீட்டில் இருக்கப்போவது நாங்கள் இருவரும் 78 வயது மாமியாரும்தான். யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என் சகலை வீட்டு ஹாலைப் பற்றிச் சொல்கிறேன். ஹால் முழுக்க வைஃபை பல்பு. நிறம் மாறும், மங்கும், போனைத் தட்டினால் அணையும். ஆனால் அந்தப் பல்புக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் போனை எத்தனை தட்டு தட்டினாலும் எரியாது. அவருடைய அம்மாவுக்கோ, அறையை விட்டு வரும்போது சுவிட்சைத் தட்டிவிட்டு வருவது ஆயுசுப் பழக்கம். சகலை பார்த்தார், காலண்டர் அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவில் ‘அணைக்காதீர்கள்’ என்று எழுதி சுவிட்ச் மேலேயே செலோடேப் போட்டு ஒட்டிவிட்டார். போன மாதம் போயிருந்தபோது டேப்பின் ஓரம் கிளம்பி விரல் அழுக்கு ஏறியிருந்தது. அம்மா அட்டைக்கு அடியில் விரலை விட்டு அணைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதனால் விளக்கு, ஃபேனைப் பொறுத்தவரை என் ஓட்டு உங்கள் கணவருக்கு. மகன் விடமாட்டேன் என்றால், பல்பை விட்டுவிட்டு சுவிட்சுக்குப் பின்னால் பொருத்துகிற ரிலே மாட்யூலை ஹாலில் மட்டும் போடட்டும். கையாலும் போடலாம், போனிலும் போடலாம். வீடு முழுக்க வேண்டாம். ஒரு மாட்யூல் சும்மா இருக்கும்போது ஒரு வாட் தின்கிறது என்று வைத்தால்கூட, முப்பது மாட்யூலுக்கு இரண்டு மாத பில்லில் 43 யூனிட் ஏறும்.

ஆனால் மோட்டார் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் சண்டை போடுவேன். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, பக்கத்து வீட்டுக்காரர் ‘தண்ணி போவுதுங்க’ என்று குரல் கொடுத்த பிறகு ஓடுகிற வீடுதானே நம் வீடெல்லாம்? தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலர் போட்டுவிடுங்கள். மேல் தொட்டி நிறைந்தால் நிறுத்தும். கீழே சம்ப் காலியானாலும் நிறுத்தும், மோட்டார் வெறுமனே ஓடிக் கருகாது. இதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ஸ்மார்ட் பிளக்கில் மோட்டாரை மாட்ட மட்டும் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் வழக்கமாக ஓடுவதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கீசரும் நாம் மறக்கிற சாமான்தான், அதற்கு ஒரு டைமர் போதும். 2,000 வாட் கீசர் 9 ஆம்ப் அளவுக்கு இழுப்பதால் 6 ஆம்ப் பிளக் தாங்காது, 16 ஆம்ப் தாங்குவதாக வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் மாமியார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஆள் நடந்தால் எரிகிற சின்ன விளக்குகள் இரண்டு மூன்று. என்னைக் கேட்டால் மொத்த ஆட்டோமேஷனில் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் சுவிட்சைத் தேடித் தடவ வேண்டாம்.

திரைச்சீலையைக் கையால் இழுங்கள். டிஜிட்டல் பூட்டு வாங்கினால் சாவித் துவாரம் உள்ளதாகப் பாருங்கள், பேட்டரி தீரும் நாள் சொல்லிக்கொண்டு வராது. கேமரா மாட்டினால் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது அந்தப் பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

கொட்டேஷன் கொடுத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நீங்கள் கடையைச் சாத்திவிட்டால் என் வீட்டில் எது எது வேலை செய்யும்?’ இது வீண் பயம் இல்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனி முன்னறிவிப்பு இல்லாமல் சர்வரை நிறுத்த, வாடிக்கையாளர்களின் ஆப் ஒரே நாளில் செத்துப்போனது. சில பயனாளர்களே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கித்தான் திரும்ப ஓடவிட்டார்கள்.

சாதனங்களை அடுத்த வருஷம்கூட வாங்கலாம். சுவருக்குள் போவதற்குத்தான் இந்தப் பத்து நாள். எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர், பல மாட்யூல்கள் இயங்க இது வேண்டும்) வரட்டும். பிளக் பாயின்ட் உள்ள பெட்டியில் எப்படியும் இருக்கும், மாடிப்படியின் டூ-வே சுவிட்சில்தான் விட்டுவிடுவார்கள். மாட்யூல் உட்கார ஆழமான பெட்டி, பின்னால் வயர் இழுக்க வாசலுக்கும் மேல் தொட்டிக்கும் ஒரு காலிப் பைப், ரவுட்டர் வைக்கும் பாயின்ட்டுக்கு இன்வெர்ட்டர் லைன், இவை போதும். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டித்து ஷாக்கிலிருந்து காப்பாற்றுகிற 30 மில்லி ஆம்ப் ஈ.எல்.சி.பி. கொட்டேஷனில் இருக்கிறதா? இல்லையென்றால் திரைச்சீலைக் காசை அதற்குத் திருப்புங்கள்.

உங்கள் மகனை இந்தச் சனி, ஞாயிறு ஊருக்கு வரச் சொல்லுங்கள். பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டிப் பிடித்து, பைப் போகும் வழியை அளவோடு போட்டோ எடுத்து வைக்கட்டும். நாளைக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோதான் வேண்டியிருக்கும்.