ஒரே பேராசிரியர் பல வருஷமாகத் தலைமை வகிக்கும் இதழியல் துறையில் சேரலாமா?

இடம் கிடைத்துவிட்டது, ஆனால் "அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்" என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படியொரு துறையில் முதுகலை முடித்தவன் என்பதால் சொல்கிறேன்: சேரலாம். அவர் துறையை வளர்த்தாரா, நாற்காலியைத் தேய்த்தாரா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சார் (பெயர் வேண்டாம்) பொறுப்புக்கு வந்தபோது துறை என்பது மாடியில் இரண்டு அறை. வேறு யாராக இருந்தாலும் முதலில் ஸ்டுடியோ கேட்டிருப்பார்கள். இவர் அச்சுச் செலவுக்குப் பணம் கேட்டார். மாதம் இருமுறை நாலு பக்க லேப் ஜர்னல், அதாவது மாணவர்களே பயிற்சிக்காக எழுதி வெளியிடும் இதழ். தேர்வு வந்தாலும் நிற்காது.

ஒருமுறை வகுப்புத் தோழன் "தண்ணீர் இல்லை: விடுதி மாணவர்கள் கொந்தளிப்பு" என்று எழுதி வந்தான். சார் பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை பேருப்பா கொந்தளிச்சாங்க?"

"நாலு பேர்கிட்ட பேசினேன் சார்."

"வார்டன்கிட்ட?"

பதில் இல்லை. அந்த இதழில் செய்தி வரவில்லை. அடுத்ததில் வந்தது. வார்டனின் விளக்கம், மோட்டாரைப் பழுது பார்க்கச் சொல்லி அவர் அனுப்பிய கடிதத்தின் தேதி, அது எந்த மேசையில் தூங்கியது என்பது வரை எல்லாம் இருந்தது. நிர்வாகத்திலிருந்து உடனே அழைப்பு. இனி மாணவர் சாதனைகளை மட்டும் போட்டால் போதுமாம். சார் போய்விட்டு வந்தார், அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அடுத்த இதழுக்கு யார் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிற தலைவராக இருந்தால் ஜர்னலின் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவரோ பல துணைவேந்தர்களைப் பார்த்தவர்.

தனிமனிதத் துதி என்று சண்டைக்கு வராதீர்கள். குறையும் உண்டு. வெளியே எல்லாம் கைபேசிக்கு மாறிய பிறகும் நாங்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பத்தி பிரித்துக்கொண்டிருந்தோம். பாடத்திட்டத்தில் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை.

ஆனால் ஒரே ஆள் நீண்ட காலம் இருந்து துறையை வளர்ப்பது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908இல் இதழியல் பள்ளியைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவரே இல்லை, பத்திரிகை ஆசிரியர். வகுப்பு தொடங்கிய செப்டம்பர் 14 அன்றே மாணவர்களின் நாளிதழும் வந்துவிட்டது. அந்தப் பத்திரிகை வளாகச் செய்தியோடு நிற்காமல் ஊர்ச் செய்தியையும் எழுதியது. வில்லியம்ஸ் இருபது வருஷத்துக்கு மேல் டீனாக இருந்து, பிறகு பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். அங்கே படித்துவிட்டு வந்த பி.பி. சிங்தான் 1941இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறையைத் தொடங்கினார். பிரிவினைக்குப் பிறகு அந்தத் துறை டெல்லியில் இயங்கி, 1962இல் சண்டிகருக்குப் போனது. ஊர் ஊராக மாறியும் ஒரு துறை கலையாமல் இருக்கிறது என்றால், அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எங்கள் வகுப்புகளில் பாதியை எடுத்தவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம். தொகுப்பூதியம், அதுவும் தாமதமாக வரும், கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது. ராத்திரி வரை உட்கார்ந்து ஜர்னலுக்கு லே அவுட் செய்து கொடுத்த மேடம் அவர்களில் ஒருவர். சாரின் படம் துறையில் மாட்டியிருக்கிறது, மாட்டட்டும், தகுதியானவர்தான். ஆனால் வெள்ளி விழா மலரில் மேடத்தின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. கேட்டதற்கு, "அவங்க பர்மனென்ட் இல்லையே" என்றார்கள்.

எனவே சேருமுன் கடைசியாக வந்த லேப் ஜர்னலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிர்வாகத்துக்குப் பிடிக்காத செய்தி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நிரந்தரப் பணியில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.