கேஸ் மாத்திரையை எப்போது கொடுப்பது, எதுவரை கொடுப்பது?

ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது. தைராய்டு, சுகர், பிரஷர் மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் இருப்பதால் ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் பான்டொப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல். அப்படியும் எரிந்தால் ரோஸ் கலர் மருந்தை இரண்டு மூடி குடிப்பார். முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை வேறு. எழுந்ததும் ஒரு டம்ளர் வரக்காப்பியோடு எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார். எதை முதலில் கொடுக்க வேண்டும்? கேஸ் மாத்திரையை இவ்வளவு நாள் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா?"

சேலத்தில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதல் வார்த்தையாக ஒன்று: டாக்டர் எழுதிய எதையும் நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள். அம்மா சாப்பிடுகிற மருந்துகளில் பாதி சரியாக வேலை செய்யாமல் போவதற்கு அந்த ஒரே வாய்ப் பழக்கம் போதும். அதை நாளைக்கே மாற்றலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பான்டொப்ரசோல், ஓமிப்ரசோல், ரேபிப்ரசோல், ஈசோமிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. இந்த மருந்து அந்தப் பம்புகளைப் பூட்டுகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் பூட்ட முடியும். பம்புகள் நிறைய ஓடுவது நாம் சாப்பிடும்போது. மருந்தோ ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் என்று சொல்கிறோம். மருந்து ரத்தத்தில் ஏறி நிற்கிற நேரமும் பம்பு ஓடுகிற நேரமும் ஒன்றாக வர வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் பதினொரு மணி வரை சாப்பிடாமல் இருந்தாலும் பலன் குறைவு, இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு போட்டாலும் பலன் குறைவு. மருந்து கேட்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மாத்திரைக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதைத்தான்.

பூட்டிய பம்பு திரும்ப ஓடாது. உடம்பு புதுப் பம்பு செய்துகொள்ள வேண்டும். அதனால் ஒரு வேளை மருந்தே ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும், முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். எரிகிற நேரத்தில் ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளும் மருந்து இது இல்லை. கேப்சூலைக் கடிக்கவோ, மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைக்கவோ கூடாது. மேல்பூச்சு போனால் இரைப்பையின் அமிலமே மருந்தை அழித்துவிடும். விழுங்கச் சிரமப்பட்டால் மருந்தாளரிடம் சொல்லுங்கள், அதற்கேற்ற வடிவில் கிடைக்கும்.

சரி, காலை வரிசை. எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். வரக்காப்பி அதோடு சேரவே கூடாது. காப்பி அந்த மருந்தை உடம்பில் சரியாக ஏறவிடாது. மலைக் குளிரில் எழுந்ததும் காப்பி இல்லாமல் முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தைராய்டு மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் அம்மா பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அரை மணி கழித்துக் கேஸ் கேப்சூல். இன்னும் அரை மணி கழித்துச் சாப்பாடு, சீட்டில் வேறு மாதிரி எழுதாவிட்டால் சாப்பாட்டோடு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை. காப்பியை அதற்கப்புறம் கொடுங்கள். வெறும் வயிற்றுக் காப்பியை நிறுத்தினாலே சிலருக்கு எரிச்சல் குறையும்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காலைக் கூட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மதியம் கொடுங்கள், கூடவே எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ இருந்தால் நல்லது. டீ, காப்பி வேண்டாம். இரும்பு உடம்பில் சேர அமிலம் தேவை, கேஸ் கேப்சூலோ அமிலத்தைத்தான் குறைக்கிறது. அதனால் அம்மாவுக்கு ரத்தம் மெதுவாகத்தான் ஏறும். எலும்புக்கென்று கால்சியம் மாத்திரை எழுதினால், எந்த வகை என்று கேளுங்கள். கால்சியம் கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும், சிட்ரேட்டுக்கு வேண்டாம்.

ரோஸ் கலர் மருந்து வேறு வகை. பம்பையெல்லாம் தொடாது, ஏற்கெனவே சுரந்திருக்கும் அமிலத்தை முறிக்கும், அவ்வளவுதான். சில நிமிஷத்தில் கேட்கும், சீக்கிரமே விட்டுவிடும். இதில் பெரும்பாலும் அலுமினியமும் மெக்னீசியமும் கலந்திருக்கும். அலுமினியம் மலச்சிக்கல் தரும், மெக்னீசியம் பேதியாக்கும். இரண்டையும் கலப்பதே ஒன்றை ஒன்று சமன் செய்யத்தான். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் கொடுங்கள். மற்ற எந்த மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். பொதுவாக இரண்டு மணி நேரம், தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். கிட்னி பலவீனமானவர்களுக்கு இந்த அலுமினியமும் மெக்னீசியமும் உடம்பிலேயே தங்கிவிடும். சர்க்கரை நோயாளி என்பதால் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் இதைத் தொடர வேண்டும். தண்ணீரில் போட்டால் பொங்கும் சோடாப் பவுடர்களில் சோடியம் அதிகம். பிரஷர் இருக்கும் அம்மாவுக்கு அது வேண்டாம்.

புண்ணின் மேல் படலமாகப் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் எழுதியிருந்தால், அதுவும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், மற்ற மருந்துகளிலிருந்து தள்ளி. மலச்சிக்கல் வரலாம்.

இப்போது நான் சொன்ன அந்தப் பெரிய விஷயம். முட்டி வலி மாத்திரையையும் ரத்தக் குறைவையும் நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் தெரிகிறது. மெடிக்கலில் கொடுக்கும் முட்டி வலி மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற ஒன்றாக இருக்கும். இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் சளிப்படலத்தை இவை பலவீனமாக்கும். நாளாக ஆகப் புண் விழும், புண்ணிலிருந்து வெளியே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியும். மாதவிலக்கு நின்று பல வருடமான ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவு வந்தால், சாப்பாடு பத்தவில்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். இந்த வயதில், இந்த அறிகுறிகளோடு, ஒன்றரை வருடமாக மருந்து சாப்பிட்டும் எரிச்சல் தீராதவருக்கு, வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். ஆகவே குடல் மருத்துவர் ஒருவரிடம் சீக்கிரம் காட்டுங்கள், சேலம் பெரிய ஆஸ்பத்திரியோ தனியாரோ, உங்களுக்கு முடிந்த இடத்தில். பெருங்குடலையும் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

கிட்னியை நினைத்துப் பயப்படுவதென்றால், பக்கத்து வீட்டில் சொன்ன கேப்சூலைவிட இந்த முட்டி மாத்திரையைப் பற்றித்தான் முதலில் பயப்பட வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு இது கிட்னியை நேராகவே கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். கேஸ் மாத்திரை கூடவே போடுகிறோம், ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். கேஸ் மாத்திரை இரைப்பைக்கு ஓரளவு பாதுகாப்பு தரும், கிட்னிக்கு எதுவும் செய்யாது. எஸ்டேட் மேட்டில் ஏறி இறங்கும் முட்டிக்கு வலி இருக்கத்தான் செய்யும், அதை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. மேலே தடவும் ஜெல், டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால், தொடைத் தசைக்கான பயிற்சி என்று வழிகள் இருக்கின்றன. சீட்டில்லாமல் வாங்கும் அந்த மாத்திரையை மட்டும் இன்றோடு விட்டுவிடலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எண்டோஸ்கோப்பியின்போது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். குடற்புண்ணுக்கு இந்தக் கிருமி காரணமாகலாம் என்று காட்டிய பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. 1980களில் அவர்கள் அதைக் காட்டும்வரை டென்ஷனும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துப் பொதுவாக 14 நாள் மருந்து, ஒரு வேளைகூட விடாமல். பான்டொப்ரசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். சோதனைக்கு முன் இரண்டு வாரம் நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிட்னிக் கேள்விக்கு நேர்ப் பதில்: பான்டொப்ரசோல் வகை மருந்தால் கிட்னியில் ஒவ்வாமை அழற்சி வருவது உண்டு, ஆனால் அபூர்வம். நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களிடம் கிட்னிக் கோளாறு சற்று அதிகம் தெரிகிறது என்கிற ஆய்வுகள் இருந்தாலும், இந்த மருந்துதான் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை. என் கவலை வேறு. சுகருக்கு அம்மா சாப்பிடுவது மெட்ஃபார்மினாக இருந்தால், அதுவும் வைட்டமின் பி12ஐக் குறைக்கும், பான்டொப்ரசோலும் குறைக்கும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், நாக்கு எரியும், ஞாபகம் மங்கும். நம் வீடுகளில் கால் மரத்தால் சுகர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைவாக இருந்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்துவிடலாம். வருடக் கணக்கில் சாப்பிட்டால் மெக்னீசியமும் இறங்கலாம். அடிக்கடி தசைப்பிடிப்பு, படபடப்பு என்றால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு முறிவு வாய்ப்பும் கொஞ்சம் கூடும்.

கூட இருக்கும் டோம்பெரிடோனையும் விசாரிக்க வேண்டும். கேஸ் மாத்திரைப் பேருக்குப் பின்னால் டி என்றோ டிஎஸ்ஆர் என்றோ இருந்தால் அது பெரும்பாலும் இதுதான். குமட்டலுக்குச் சில நாள் கொடுக்க வேண்டிய மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக் கூடியது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் தினம் 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்து, ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாக வேண்டாம் என்றது. 68 வயதில் ஒன்றரை வருடம் இது எதற்கு என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். தலை கிறங்கி விழப் பார்த்தாலோ, திடீரென்று நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காதீர்கள்.

நெஞ்செரிச்சலுக்குப் பான்டொப்ரசோல் பொதுவாக 4 முதல் 8 வாரம். அதன்பிறகு தொடரக் காரணம் இருக்க வேண்டும். காரணமும் சிலருக்கு உண்டு. உணவுக்குழாய் மோசமாகப் புண்ணானவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் பழைய அல்சர்காரர்கள் தொடர்ந்து சாப்பிடத்தான் வேண்டும். அம்மாவுக்கு அப்படி இல்லை என்று எண்டோஸ்கோப்பி சொன்னால், டாக்டர் மெல்லக் குறைப்பார். பாதி அளவு, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், தேவைப்பட்டால் அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபாமோடிடின் என்று. அதே வகையில் பலர் கேட்டு வாங்கும் ரானிடிடின் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022இல் எடுக்கப்பட்டது. ஃபாமோடிடின் கிட்னி பலவீனமான முதியவர்களுக்குக் குழப்பம் தரலாம், பேச்சு தடுமாறினால் கவனியுங்கள். திடீரென நிறுத்தினால் அடங்கிக் கிடந்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் எரிக்கும். மருந்தில்லாமல் முடியாது என்று பயந்து பலர் திரும்ப ஆரம்பிப்பது இதனால்தான். குறைத்தபின் ஆறு முதல் எட்டு வாரத்தில் தைராய்டு சோதனையையும் ஒருமுறை செய்யுங்கள். அமிலம் திரும்பியதும் தைராய்டு மருந்து கூடுதலாக ஏறலாம், அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

ராத்திரி எதுக்களித்தால் தலையணையை அடுக்காதீர்கள், வயிறு மடிந்து இன்னும் மேலே தள்ளும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரை அடி உயரக் கட்டை வையுங்கள். இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லுங்கள். குளிருக்குப் பயந்து சாப்பிட்ட கையோடு போர்வைக்குள் போய்விடும் பழக்கம் இருந்தால், சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் தள்ளி, மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேலம் வரும்போது ஒரு தட்டுவடை செட் சாப்பிடுவதைத் தடுக்க வேண்டாம், அவருக்கு எது எரிக்கிறதோ அதை விட்டால் போதும்.

மலத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். தார் மாதிரி பிசுபிசுவென்று கடும் நாற்றத்தோடு போனாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் நிறமோ தெரிந்தாலோ அது ரத்தக் கசிவு, உடனே ஆஸ்பத்திரி. விழுங்கும்போது அடைத்தாலும், எடை குறைந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு மாரடைப்பு, மேல்வயிற்றில் கேஸ் பிடித்ததுபோல மட்டும் வரலாம். வேர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கோ தோளுக்கோ இறங்கும் பாரம், காரணமில்லாத அசதி, இதில் ஏதாவது கூட இருந்தால் ரோஸ் மருந்தைக் குடித்துவிட்டுக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இருபது கொண்டைஊசி வளைவு இறங்கிச் சேலம் சேர நேரமாகும், அதனால் மலையில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் 108ஐக் கூப்பிட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஹீமோகுளோபின், கிரியாட்டினின், தைராய்டு ரிப்போர்ட்டுகள் கடைசியாக எடுத்தது எதுவானாலும் கூட வையுங்கள். சீட்டில்லாமல் வாங்கியது என்று கூச்சப்பட்டு அந்த முட்டி மாத்திரை அட்டையை வீட்டில் விட்டுவிடாதீர்கள். டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.