திருமணத்துக்குள் ஆசை இடம் மாறுவதைப் பற்றிய பிரெஞ்சுப் படங்களில் உங்கள் மனதை விட்டுப் போகாதது எது? கலைப்படம் பார்த்துப் பழகாதவர்களும் பார்க்கலாமா?

பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தாவின் 'லெ பொனர்'. 1965-இல் வெளிவந்த படம். தலைப்புக்கு மகிழ்ச்சி என்று பொருள். இந்தக் கேள்விக்குப் பலரும் துருஃபோவின் 'ஜூல் எ ஜிம்', கோதாரின் 'லெ மெப்ரி' என்றுதான் சொல்வார்கள். இரண்டும் எனக்கும் பிடித்த படங்கள். ஆனால் கணவனின் ஆசை வேறு பக்கம் நகரும்போது அந்த வீட்டில் யார் எதை இழக்கிறார்கள் என்பதை இவ்வளவு நேராகப் பார்த்த இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை. முடிவையும் சேர்த்துச் சொன்னால்தான் காரணத்தை விளக்க முடியும். கதை தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். கிட்டத்தட்ட 80 நிமிடம்தான்.

பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தனே-ஓ-ரோஸ் என்ற புறநகர். பிரான்சுவா அங்கே உறவினர் ஒருவரின் பட்டறையில் தச்சு வேலை செய்கிறான். மனைவி தெரேஸ் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள். இரண்டு சின்னக் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காட்டுப் பக்கம் போய், புல்லில் விரிப்பைப் போட்டுச் சாப்பிட்டு, குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு இவர்களும் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுத் திரும்புவார்கள். பணக்கஷ்டம் இல்லை, மாமியார் தொல்லை இல்லை, குடி இல்லை, ஒருவர் மேல் ஒருவருக்குச் சலிப்பும் இல்லை. வழக்கமாக இப்படிப்பட்ட கதைகளில் வீட்டுக்குள் ஏதோ ஒரு விரிசலைக் காட்டிவிட்டுத்தான் ஆளை வெளியே அனுப்புவார்கள். வர்தா அந்தச் சாக்கை நமக்குக் கொடுக்கவே இல்லை.

தொலைபேசியில் பேசப் போன தபால் அலுவலகத்தில் பிரான்சுவா எமிலியைப் பார்க்கிறான். பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், காப்பி குடிக்கப் போகிறார்கள். அவள் அவன் ஊருக்கே குடிவரப் போகிறாள். புது வீட்டில் சுவர்ப் பலகை அடித்துத் தர இவன் போகிறான். அப்புறம் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவனுக்கு அதில் துளிக்கூடக் குற்ற உணர்ச்சி கிடையாது. தெரேஸ் மேல் வைத்த அன்பு ஒரு இம்மிகூடக் குறையவில்லை, எமிலியிடம் இருப்பது அதற்கு மேல் கிடைத்தது, அவ்வளவுதான் என்று உண்மையிலேயே நம்புகிறான். எமிலியிடமும் தனக்கு மனைவி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறான். தெரேஸ் செடி மாதிரி, நீ அவிழ்த்துவிட்ட விலங்கு மாதிரி, எனக்கோ இயற்கை பிடிக்கும் என்கிறான். அதையும் வஞ்சகம் இல்லாமல்தான் சொல்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நீ ஏன் இத்தனை சந்தோஷமாக இருக்கிறாய் என்று தெரேஸ் கேட்கிறாள். அவன் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். நாம் நான்கு பேரும் வேலி போட்ட ஒரு ஆப்பிள் தோட்டம் மாதிரி, வேலிக்கு வெளியே இன்னொரு மரம் பூத்திருப்பதைப் பார்த்தேன், பூக்களும் பழங்களும் கூடத்தானே செய்கின்றன என்று விளக்குகிறான். தெரேஸ் கேட்டுக்கொள்கிறாள். உனக்குச் சந்தோஷம் என்றால் எனக்கும் சந்தோஷம் என்கிறாள். இருவரும் சேர்கிறார்கள். அவன் தூங்கிப்போகிறான். விழித்துப் பார்த்தால் அவள் பக்கத்தில் இல்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தேடி ஓடுகிறான். குளக்கரையில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். தெரேஸைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கிடத்தியிருக்கிறார்கள்.

அவன் குனிந்து அவள் உடலைத் தூக்கி அணைக்கிறான். அந்த ஒரே அசைவைப் படம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஒரே செயல், துண்டு துண்டாக வெட்டி, மறுபடி, மறுபடி. சட்டென்று நடந்துவிட்ட ஒன்றை மனது நம்ப மறுக்கும்போது இப்படித்தான் நடக்கும். அதுவரை ஓடை போல ஓடிக்கொண்டிருந்த படம் அந்த இடத்தில் மட்டும் திக்குகிறது. நடுவே ஒரு கண நேரம் வேறொரு காட்சி வருகிறது: தண்ணீரில் இருக்கும் தெரேஸ் கிளை ஒன்றைப் பற்றப் பார்க்கிறாள்.

அது தற்கொலையா, கால் தவறி விழுந்தாளா, விழ நினைத்து விழுந்த பின் பிழைக்க நினைத்தாளா? படம் சொல்லாது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தக் கிளைக் காட்சியைப் பார்த்தவர்கள் நாம் மட்டும்தான். பிரான்சுவா பார்க்கவில்லை, ஊர் பார்க்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு துயரமான விபத்து. அப்படி வைத்துக்கொண்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, சந்தேகத்தை மட்டும் நம் தலையில் ஏற்றிவிடுகிறார் வர்தா.

இதற்குப் பிறகு வருவதுதான் என்னை உலுக்கிய பகுதி. இறுதிச் சடங்கு, குழந்தைகளை யார் வளர்ப்பது என்று உறவினர்களின் பேச்சு, எல்லாம் விறுவிறுவென்று கடந்துபோகிறது. கோடை முடிகிறது. பிரான்சுவா எமிலியிடம் போகிறான். அவள் அந்த வீட்டுக்கு வருகிறாள்.

படத்தின் முற்பகுதியில் தெரேஸின் கைகளை மட்டும் அருகில் காட்டும் ஒரு தொடர் உண்டு. மாவைத் தேய்க்கும் கை, இஸ்திரி போடும் கை, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கை, குழந்தைகளைப் படுக்கவைக்கும் கை. முகம் தெரியாது. முதலில் பார்க்கும்போது, ஒரு வீட்டை அன்போடு நடத்தும் பெண்ணுக்குச் செய்த மரியாதை என்றுதான் தோன்றும். கடைசிப் பகுதியில் அதே மாதிரி கைகள் வருகின்றன, அதே வேலைகளைச் செய்கின்றன. இப்போது அவை எமிலியின் கைகள். வீடு ஒரு நாள்கூட நிற்கவில்லை. முகத்தைக் காட்டாமல் விட்டதற்கான காரணம் அப்போதுதான் உறைக்கிறது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது இரண்டு கைகள். அவை யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை.

இதைப் பார்த்த பிறகு அந்த ஆப்பிள் தோட்டப் பேச்சு வேறு மாதிரி ஒலிக்கிறது. மகிழ்ச்சி கூடும், கூடிக்கொண்டே போகும் என்பது அவன் கணக்கு. அவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு சரிதான். முதலில் ஒருத்தி, அப்புறம் இரண்டு பேர், அப்புறம் மறுபடி ஒருத்தி. அவன் பக்கத்தில் எந்தக் கட்டத்திலும் எதுவும் கழியவில்லை. கழிந்தது தெரேஸ் என்கிற ஆள். அந்தக் கழித்தலை அவனுடைய கணக்கில் எழுத இடமே இல்லை.

என் அக்காவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். திருமணமாகி வளர்ந்த பிள்ளைகள் உள்ளவள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். "அவன் பொய் சொல்லலையே அக்கா, எல்லாத்தையும் சொல்லிட்டான்ல?" என்றேன். "சொன்னான்டா. அந்தப் பொண்ணுக்கு யோசிக்க எத்தனை நிமிஷம் கொடுத்தான்?" என்றாள். நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் நம் பங்கு முடிந்தது என்று நினைக்கிறோம். கேட்டவருக்கு அது உள்ளே இறங்க நேரம் வேண்டும், கோபப்பட இடம் வேண்டும், வேண்டாம் என்று சொன்னால் எதுவும் இடிந்துவிடாது என்ற நம்பிக்கை வேண்டும். தெரேஸுக்குக் கிடைத்தது ஒரு மதியத் தூக்கத்தின் நேரம்.

இந்தக் குடும்பமாக நடித்தவர்கள் நிஜக் குடும்பம். பிரான்சுவாவாக நடித்த ஜான்-குளோத் துருவோ அப்போது பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 'தியெரி லா ஃபிரோந்து' என்ற சாகசத் தொடரின் நாயகன். வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். தெரேஸாக வருபவர் அவருடைய சொந்த மனைவி கிளேர். குழந்தைகளும் அவர்களுடைய குழந்தைகள்தான். அதனால்தான் புல்வெளியில் அந்தக் குழந்தைகள் அம்மா மேல் ஏறி விளையாடுவதில் நடிப்பின் சாயலே இல்லை. பின்னால் எமிலியாக நடித்த மரி-ஃபிரான்ஸ் புவாயே அதே குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளும்போது, கதை தெரிந்த நமக்கே வயிற்றைப் பிசைகிறது.

வர்தாவின் முதல் வண்ணக் கதைப்படம் இது. அவர் அடிப்படையில் புகைப்படக் கலைஞர், நிறத்தை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்தவர். காட்சி முடியும்போது திரை கறுப்பாவதற்குப் பதில் நீலமாகவோ சிவப்பாகவோ நிறைகிறது. பின்னணியில் மோட்சார்ட்டின் இசை. தொடக்கத்தில் சூரியகாந்திப் பூக்கள், தூரத்தில் கைகோத்து நம்மை நோக்கி நடந்துவரும் நால்வர். கோடைக் காலத்து அழகான பழம், உள்ளே ஒரு புழு என்று இந்தப் படத்தைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். அழகாக எடுத்ததால் படம் ஆண் பக்கம் சாய்கிறது என்று வெளிவந்த காலத்திலிருந்தே ஒரு குற்றச்சாட்டு உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அழகைக் கெடுத்து, இருட்டாக்கி, சோக வயலின் வைத்திருந்தால் நாம் பிரான்சுவாவைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். கடைசிவரை எல்லாம் இனிமையாகவே இருப்பதால்தான் கோபத்தை இறக்கி வைக்க இடம் கிடைக்காமல் தவிக்கிறோம்.

எமிலியையும் வில்லியாக்கவில்லை. ஊர்த் திறந்தவெளியில் ஒரு நடனக் காட்சி வருகிறது. நடுவில் ஒரு மரம் நிற்க, கேமரா அதைக் கடந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிறது. ஒவ்வொரு முறை மரத்தைத் தாண்டும்போதும் ஜோடிகள் மாறியிருக்கின்றன. தெரேஸோடு ஆடியவன் எமிலியோடு ஆடுகிறான், தெரேஸ் வேறொருவரோடு. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் யாருக்கும் துரோகம் செய்யும் தோற்றமே இல்லை. பின்னால் வரப்போவது மொத்தமும் அந்த ஒரு நடனத்துக்குள் இருக்கிறது என்று இரண்டாம் முறை பார்க்கும்போது தெரியும்.

காலத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் 1965 ஜூலையில் சட்டம் திருத்தப்படும் வரை, மனைவி வேலைக்குப் போவதைக் கணவன் சட்டப்படி தடுக்க முடியும். தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க அவளுக்கு அவன் சம்மதம் வேண்டும். படம் அதே ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. உனக்குச் சந்தோஷம் என்றால் எனக்கும் சந்தோஷம் என்று தெரேஸ் சொன்னதை இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன பதில் சொல்ல வழி இருந்தது என்று தோன்றுகிறது. தன் வாழ்க்கைக்கு வேறொரு வடிவம் இருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து தைப்பது வேறொரு பெண்ணின் கல்யாண உடை.

'ஜூல் எ ஜிம்', 'லெ மெப்ரி' இரண்டிலும் பெண்தான் புதிர். அவள் ஏன் மாறினாள், ஏன் வெறுத்தாள் என்று ஆண்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அவள் கடைசியில் செத்தும் போவாள். வர்தாவின் படத்திலும் பெண் சாகிறாள். ஆனால் இங்கே கூர்ந்து பார்க்கப்படுபவன் ஆண். கோபமோ வன்மமோ இல்லாத, குழந்தைகளைக் கொஞ்சுகிற, வேலையை ஒழுங்காகச் செய்கிற ஆண். அவன் மாதிரி ஆட்களை நமக்கெல்லாம் தெரியும். நல்லவன் என்றுதான் அவர்களைப் பற்றிச் சொல்வோம், அது பொய்யும் இல்லை.

கலைப்படம் பார்த்துப் பழகாதவர்கள் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. கதை நேர்கோட்டில் போகும், புரியாத வசனம் எதுவும் இல்லை. முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்; அதை வேகமாக ஓட்டிவிட்டால் கடைசிப் பத்து நிமிடம் வெறும் படமாகப் போய்விடும். அந்தக் கைகளை ஒருமுறை பார்த்து மனதில் வாங்கியிருந்தால்தான் இரண்டாவது முறை வலிக்கும். கைபேசியில் பார்க்காமல் கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள், நிறங்களுக்காக. கணவன் மனைவியாகச் சேர்ந்து பார்ப்பதென்றால் மறுநாள் விடுமுறையாக இருப்பது நல்லது, பேச்சு சீக்கிரம் முடியாது.

பிடித்திருந்தால் அடுத்து அவருடைய 'கிளேயோ 5-லிருந்து 7 வரை' (1962) பாருங்கள். மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பாடகியின் மாலைப்பொழுது. அதற்கப்புறம் 1985-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கிய 'சான் துவா நி லுவா'. வீடும் வேண்டாம், யாருக்கும் கைகளாக இருக்கவும் வேண்டாம் என்று நாடோடியாய்த் திரியும் ஓர் இளம்பெண்ணின் கதை. தெரேஸைப் பார்த்த பிறகு அவளைப் பார்த்தால், இருபது வருடத்தில் வர்தா எங்கே வந்து சேர்ந்தார் என்பது தெரியும்.