‘இன்னும் இரண்டு குதிரைகளை எடுத்துக்கொள்ளலாமா?’

கேள்வி: ஓய்வுபெற்ற, மீட்கப்பட்ட குதிரைகளுக்காகச் சிறிய காப்பகம் ஒன்று நடத்துகிறேன். ஆறோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தேன், இப்போது ஒன்பது ஆகிவிட்டது. சேமிப்பு கரைகிறது. கணவர் இதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். எலும்பும் தோலுமாக இரண்டு குதிரைகள் இருப்பதாகவும், ஒரு வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் இறைச்சிக்குப் போய்விடும் என்றும் ஒருவர் தினமும் போன் செய்கிறார். இதற்கு நடுவில் என்னிடம் முதலில் வந்த குதிரை. 28 வயது. லாமினைடிஸ் என்ற குளம்பு அழற்சி வந்து இரண்டு ஆண்டுகளாகக் குளம்பு வலியில் இருக்கிறது. ‘போதும், விட்டுவிடலாம்’ என்கிறார் மருத்துவர். கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். அதை நானே எப்படி முடிப்பது?
— ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த இரண்டு குதிரைகளையும் இப்போது எடுக்காதீர்கள். ஒரு வாரக் கெடு என்று எழுதியிருப்பதால் சுற்றி வளைக்காமல் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடுக்காமலே அவற்றுக்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் வேண்டும். ஒன்பது குதிரைக்கு ஆண்டுக்குச் சுமார் 30 டன். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லை ராவ வேண்டும், ஊசி, குடற்புழு மருந்து என்று போய்க்கொண்டே இருக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நம்மில் பலர் கோட்டைவிடுவது ஆண்டுக் கணக்கில்தான். பந்தயக் குதிரைகள் பல பத்து வயது ஆவதற்குள்ளேயே ஓய்வுபெற்றுவிடுகின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25, 30 வயதுவரை இருக்கும். அப்படி ஒன்றுக்கு இன்று கதவைத் திறந்தால் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கிறீர்கள். அத்தனை ஆண்டுகளும் உங்கள் முதுகும் முழங்காலும் இதேபோல இருக்குமா என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

எத்தனை குதிரை வைத்துக்கொள்ளலாம் என்பதை நான் நிலத்தைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன். நாளையே கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்துவிட்டால் யார் தீவனம் வைப்பார்கள்? ஒரே இரவில் ஒரு குதிரைக்குக் கடும் வயிற்றுவலி வந்தால் மருத்துவச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா? நன்கொடை அடியோடு நின்றுபோனாலும் ஆறு மாதத்துக்குப் புல் வாங்க முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிகிற எண்ணிக்கைதான் உங்கள் எண்ணிக்கை. கடிதத்தைப் படித்தவரையில், அந்த எண்ணை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள்.

தாண்டினால் முதலில் குறைவது கவனம். வயிற்றுவலியின் ஆரம்பம் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் வரும். காலையில் போனால் லத்தி வழக்கத்தைவிடக் குறைவாகக் கிடக்கும், வைத்த புல் பாதி அப்படியே இருக்கும், குதிரை ஒன்றிரண்டு முறை வயிற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது அந்த வழியாகத் திரும்பி வராது. அதனால் அந்த முதல் ஓரிரு மணி நேரம் பொன்னானது. பதினொரு தொட்டியைக் கழுவிவிட்டு ஓடுகிறவருக்கு இது கண்ணில் படாது.

அப்புறம், புதிதாக வரும் குதிரையைக் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். தொண்டைப் பக்கம் கட்டிகட்டியாக வீங்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் போன்ற தொற்று வந்தால் வாளி, கயிறு, உங்கள் கை எல்லாவற்றின் வழியாகவும் பரவும். நன்றாகத் தெரிகிற குதிரைகூடக் கிருமியைச் சுமந்துகொண்டு வரலாம். தனி வாளி, தனி இடம், முடிந்தால் தனி ஆள் வேண்டும். உங்களிடம் அப்படியோர் இடம் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை.

சரி, அந்த இரண்டுக்கு என்ன செய்யலாம்? போன் செய்கிறவரிடம் “இடமில்லை” என்று வைத்துவிடாதீர்கள். “என்னால் எடுக்க முடியாது, ஆனால் அவை இருக்கிற இடத்துக்கு ஒரு கால்நடை மருத்துவர் வர ஏற்பாடு செய்கிறேன்” என்று சொல்லுங்கள். விலங்கு வதையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்குத் தகவல் போகட்டும். உங்களைவிடப் பெரிய காப்பகங்களுக்கு மருத்துவர் எழுதிய குறிப்போடு எழுதுங்கள். குதிரையின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிட 1983 முதல் ஹென்னகி அளவுகோல் இருக்கிறது. விலா, கழுத்து, வாலடி எல்லாம் தடவிப் பார்த்து மதிப்பெண் கொடுப்பார்கள். ‘ரொம்ப மெலிந்திருக்கிறது’ என்று எழுதுவதைவிட அந்த எண்ணைக் குறிப்பிட்டால் சட்டென்று புரியும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பட்டினி கிடந்த குதிரையைப் பார்த்ததும் இரக்கப்பட்டு யாராவது தானியத்தைக் கொட்டுவார்கள். காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி அதுவும் தின்னும். மாவுச்சத்து ஏறியதும் இன்சுலின் கூடி, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மெக்னீசியத்தைத் திசுக்களுக்குள் இழுத்துவிடும். பிழைத்தது என்று நினைத்த குதிரை சில நாளில் விழுந்து இறந்துவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் பரிந்துரைத்தது குதிரைமசால் உலர்புல். முதல் மூன்று நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ அளவில் மட்டும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, பத்தாம் நாள் வாக்கில் வயிறார விடலாம். தானியம் இப்போதைக்குக் கூடவே கூடாது. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் பக்கமே போகக் கூடாது, சிலவற்றில் கலந்திருக்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும். மருத்துவர் வந்து சேரும்வரை இதைக் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். போனிலேயே நீங்கள் இரண்டு உயிரைக் காப்பாற்ற முடியும்.

இனி உங்கள் மூத்த குதிரை. இதை எழுதும்போது எனக்கும் மனசு கனக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நாளைக் காலை அதனிடம் போய்ச் சில இடங்களைப் பாருங்கள். முன்னங்காலை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு நிற்கிறதா? குளம்புக்குச் சற்று மேலே, கணுக்காலின் பின்பக்கம் விரலை வையுங்கள். நல்ல குதிரைக்கு அங்கே நாடி கிடைப்பதே அரிது. வலியில் இருக்கும் குதிரைக்குத் தேடாமலே விரலில் துடிக்கும். பிறகு குனிந்து முன்னங்கால் கணுவின் முன்பக்கத்தைப் பாருங்கள். அங்கே தோல் உரிந்து காய்ப்பு ஏறியிருந்தால், அது தூக்கமில்லாததின் அடையாளமாக இருக்கலாம். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குத் தினமும் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். எழுந்திருக்கும் வலிக்குப் பயந்து படுக்காமலே இருக்கும் குதிரை, நின்றபடி அயர்ந்து முன்னங்கால் மடங்கி விழுந்து விழுந்து எழும். அந்தக் காயம்தான் அது. பகலில் கேரட்டுக்குத் தலையாட்டுவதை வைத்து இரவு எப்படிப் போயிற்று என்று சொல்லிவிட முடியாது.

1930ல் டோரதி புரூக் என்ற பெண்மணி கெய்ரோவுக்குப் போனார். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் அங்கேயே விற்றுவிட்டு வந்த குதிரைகள் வண்டி இழுத்து எலும்பாகத் திரிவதைக் கண்டார். பத்திரிகையில் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, சில ஆண்டுகளில் ஐயாயிரம் குதிரைகளை விலைகொடுத்து மீட்டார். அவற்றில் பெரும்பாலானவை முதுமையிலும் நோயிலும் தேறாத நிலையில் இருந்ததால் வலியில்லாமல் உயிரை முடித்துவைத்தார்கள். அதையும் காப்பாற்றியதாகத்தான் அவர் கருதினார், நானும் அப்படியே கருதுகிறேன். ‘கடைசிவரை’ என்று நீங்கள் கொடுத்த வாக்கில் அந்தக் கடைசி நாளும் அடங்கும். அது நள்ளிரவில் மழையில் எழ முடியாமல் உதைத்துக்கொண்டு கிடக்கும் நாளாக இருக்க வேண்டாம்.

நான் சொன்னபடி பார்த்து உங்களுக்கும் அதேதான் தெரிந்தால், மருத்துவரிடம் நாள் குறியுங்கள். வெளிச்சமான காலைப் பொழுதாக, வாகனம் வந்துபோகக்கூடிய இடமாக இருக்கட்டும். அரை டன் உடலை எப்படி அடக்கம் செய்வது என்பதை அதற்கு முந்தைய வாரமே பேசி முடித்துவிடுங்கள். உயிரை முடிக்கப் போடும் மயக்க மருந்து ஏறிய உடல் நாய்க்கும் பருந்துக்கும் விஷம், திறந்த வெளியில் விடவே கூடாது. உங்கள் மூத்தது எந்தக் குதிரையோடு ஒட்டிக்கொண்டு மேயுமோ அதைப் பக்கத்தில் இருக்க விடுங்கள். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் முகர்ந்து பார்க்க விட்டால், பின்னால் கனைத்துக்கொண்டு தேடி அலைவது குறையும் என்பார்கள் குதிரை வளர்ப்பவர்கள். அந்த வாரமே அதற்கு வேறொரு துணையைப் பழக்கிவிடுங்கள், குதிரையைத் தனியாக விடக் கூடாது.

கணவர் பேசாமல் இருப்பதைக் குதிரைமேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிவே தெரியாத செலவைப் பார்த்தால் யாருக்கும் வாயடைத்துப் போகும். புல், குளம்பு, மருந்து, கூலி என்று ஒரு மாதச் செலவை ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். எத்தனை குதிரை என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்து அதையும் அதிலேயே எழுதுங்கள். மூத்தது போன பிறகு காலியாகும் இடத்தை ஆறு மாதத்துக்கு யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த போன் வரும்போது அவரே எடுத்துப் பதில் சொல்லட்டும்.