ஸ்ட்ரிப் லைட்டின் கடைசி மூலை மட்டும் ஏன் மங்குகிறது?

கேள்வி: ஹாலில் ஃபால்ஸ் சீலிங்கின் விளிம்பு முழுக்க நானே வெள்ளை எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினேன். 12 வோல்ட், மீட்டருக்கு 120 எல்.இ.டி., 9.6 வாட். ஐந்து மீட்டர் ரோல் இரண்டை முனையோடு முனை சேர்த்து, ஒரு பக்கத்திலிருந்து 5 ஆம்பியர் அடாப்டர் கொடுத்திருக்கிறேன். ஆரம்பம் பளிச்சென்று இருக்கிறது, கடைசி மூலை மங்கல். பத்து நிமிடம் போனால் மொத்தமும் விட்டு விட்டு எரிகிறது. ஸ்ட்ரிப் மட்டமான சரக்கா? மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்ட்ரிப் நல்லதுதான். அதற்குப் போய்ச் சேரும் கரண்ட்தான் போதவில்லை. இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன.

விட்டு விட்டு எரிவது அடாப்டரால். பத்து மீட்டருக்கு 96 வாட், அதாவது 8 ஆம்பியர். உங்கள் அடாப்டர் தாங்குவது 60 வாட். தாங்காத பாரம் ஏறும்போது அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, திரும்ப எரியப் பார்க்கிறது. அடாப்டருக்குப் பதிலாக 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (அதே வேலையைச் செய்யும் பெரிய பவர் சப்ளைப் பெட்டி) ஒன்று வாங்குங்கள். 120 வாட்டில் 96 என்றால் எண்பது சதவீதப் பாரம்தான். சீலிங்குக்கு மேலே காற்றோட்டம் இருக்காது என்பதால் அந்த இடைவெளி அவசியம்.

ஆனால் இதை மாற்றினால் மட்டும் மங்கல் போகாது. ஸ்ட்ரிப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை வெட்டுவதற்கான கோடு இருக்கும். அந்தத் துண்டுக்குள் கடுகு அளவில் கறுப்பாக ஒரு ரெசிஸ்டர், அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் தடை, உட்கார்ந்திருக்கும். மூன்று எல்.இ.டி.யும் வரிசையாக ஆளுக்குச் சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்கின்றன. 9 போக மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டருக்கு. எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று முடிவு செய்வது இந்த மிச்சம்தான். கடைசி மூலையில் 12 வோல்ட் 10.5 ஆகிவிட்டால், ‘ஒன்றரை வோல்ட்தானே’ என்று தோன்றும். ரெசிஸ்டருக்கோ பாதி போய்விட்டது. வெளிச்சமும் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

அந்த ஒன்றரை வோல்ட்டைத் தின்பது ஸ்ட்ரிப்பில் ஓடும் மெல்லிய செம்புத் தகடு. இரண்டாவது ரோலுக்கு வேண்டிய கரண்ட் முழுவதும் முதல் ரோலின் தகடு வழியாகத்தான் போகிறது. நீளம் இரண்டு மடங்கானால் கடைசி முனையில் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாக இழுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, விளக்கு எரியும்போதே மூன்று இடத்தில் பாருங்கள்: அடாப்டர் வாயில், ஸ்ட்ரிப் ஆரம்பத்தில், கடைசி முனையில். ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அடாப்டர் 12 காட்டும், அதை நம்பாதீர்கள். முதல் இரண்டுக்கும் நடுவே குறைந்தால் ஒயர் மெல்லியது அல்லது ஜாயிண்ட் சரியில்லை. அதற்குப் பிறகு குறைந்தால் ஸ்ட்ரிப் நீளம்.

சரி செய்வது சுலபம். இரண்டு ரோலும் சேரும் இடத்தில் பிரித்துவிட்டு, அங்கேயே இரண்டுக்கும் தனித்தனி ஜோடி ஒயர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றிலும் 4 ஆம்பியர்தான் ஓடும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால் மூன்று மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.3 வோல்ட்தான் இழப்பு. பிறகும் முனை மங்கினால் அந்தக் கோடிக்கும் அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு ஜோடி இழுத்துவிடுங்கள். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வோல்டேஜைக் கூட்டும் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகி 13.5 வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கடைசி மூலை தேறும். முன்னால் இருக்கும் எல்.இ.டி.கள் சூடாகிச் சீக்கிரமே போய்விடும்.

ஜாயிண்ட் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வேன். போன வருடம் ஒரு வீட்டில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பைப் பிரித்தேன். டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது, உள்ளே ஒயரின் தோல் பழுப்பேறிக் கருகல் வாடை. 12 வோல்ட்தானே என்று விட்டதன் விளைவு அது. ஷாக் அடிக்காது, ஆனால் 0.1 ஓம் தடை உள்ள ஜாயிண்டில் 8 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 6.4 வாட் சூடு. மேலே ஃபால்ஸ் சீலிங்கில் பிளைவுட் இருந்தால் யோசித்துப் பாருங்கள். கிளிப் கனெக்டரை நம்பாமல் சால்டரிங் வைத்து, மேலே ஸ்லீவ் போடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 230 வோல்ட் பக்கம் தொடுமுன் மெயினை அணையுங்கள். எர்த் கட்டாயம். அந்த வேலை பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

அப்புறம், எல்லாம் முடிந்ததும் ஒரு மணி நேரம் எரியவிட்டு, மெயினை அணைத்து உடனே ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஜாயிண்டையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். விரலை எடுக்கவைக்கும் சூடு எங்கே இருக்கிறதோ, அந்த ஜாயிண்டை வெட்டிவிட்டுப் புதிதாகச் சால்டர் செய்யுங்கள்.